புகையில்லா அடுப்பும் மெழுகும் கையும்: பராமரிப்பின் எழுதப்படாத வரலாறு

(நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, மொழியியல், பெண்ணிய ஆய்வு ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

அடுப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். இதை வடிவமைத்தவர் யார்? எத்தனை அடுப்புகள் நிறுவப்பட்டன? முதல் வினாவுக்கு ஆய்வகக் குறிப்பேடும் இரண்டாவதற்கு அரசின் ஆண்டறிக்கையும் விடை தருகின்றன. மூன்றாவதாக ஒரு வினா உண்டு. அடுத்த மழைக்காலத்தில் அந்த அடுப்பின் வாய் வெடித்தபோது அதைப் பூசியவர் யார்? இதற்கு ஆவணமில்லை. ஆவணமில்லாமையால் அது வரலாறாகவும் கொள்ளப்படுவதில்லை. ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளின் ‘மேம்பட்ட அடுப்பு’த் திட்டங்கள் வென்றதும் தோற்றதும் இந்த மூன்றாம் வினாவைச் சார்ந்தே என்பது என் வாதம்.

பெங்களூரு இதற்கு உகந்த களம். இந்தியாவின் அடுப்பு ஆராய்ச்சியில் முதன்மையான ஒரு பகுதி இந்நகரில்தான் நடந்தது. நான் வசிக்கும் ஒக்கலிபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகமே அதன் இருப்பிடம். மூத்த தலைமுறைக்கு அது இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’தான்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழில் ‘அடு’ என்னும் வினைக்குச் சமைத்தல் என்று பொருள். அடுப்பு, அடுக்களை, அடிசில் ஆகியவை அதன் வழிவந்தவை. கன்னடத்திலும் ‘அடு’ உண்டு. ‘அடுகெ’ என்றால் சமையல். ஆனால் அடுப்பைக் கன்னடர் ‘ஒலெ’ என்பர். இது நம் ‘உலை’யின் உடன்பிறப்பு. தமிழில் உலை என்பது கொல்லனின் உலைக்கும், சோற்றுக்கு வைக்கும் கொதிநீருக்கும் பெரிதும் ஒதுங்கிவிட்டது. கன்னடத்தில் அது வீட்டு அடுப்பாகவே நின்றது. தமிழின் முதலசை உகரம், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்துக் கன்னடத்தில் ஒகரமாவது நன்கறியப்பட்ட ஒலியுறவு. குடை அங்கே ‘கொடெ’. புகை அங்கே ‘ஹொகெ’, பகரம் ஹகரமான மாற்றமும் சேர்ந்து. உலையையும் புகையையும் ஒரே விதி ஆள்வது தற்செயல்தான்; என்றாலும் நம் பேசுபொருளுக்குப் பொருத்தமான தற்செயல்.

இலக்கண மாணவர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அரசுத் திட்டங்கள் இவ்வடுப்புக்கு வைத்த பெயர் ‘புகையில்லா அடுப்பு’. ‘இல்லா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காலங்காட்டும் இடைநிலை அதில் இல்லை. நேற்று புகையில்லாதிருந்த அடுப்பும், இன்று புகையில்லாதிருக்கும் அடுப்பும், நாளை அவ்வாறே இருக்கப்போகும் அடுப்பும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கட்டி முடித்த முதல்நாளின் நிலை, பொருளின் நிலைத்த பண்பாகப் பெயருக்குள் ஏறிவிடுகிறது. மண் அடுப்போ அன்றாடம் மாறுவது. பெயர் மறைத்த காலத்தை, அடுப்பின் முன் அமர்ந்தவள் நாள்தோறும் எதிர்கொண்டாள்.

2. வடிவமைப்பின் மரபு

புகைபோக்கியுள்ள மண் அடுப்பை நாட்டுக்குப் பொதுவாக்கும் முயற்சி விடுதலைக் காலத்திலேயே தொடங்கியது. வார்தாவின் மகன்வாடியில், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கச் சூழலில் 1940களில் ‘மகன் சூல்ஹா’ உருவாயிற்று. ஐதராபாத்தின் பொறியியல் ஆய்வகத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்த அடுப்பு அடுத்த படி. கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய அவருடைய நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது.

பெங்களூருவின் பங்கு 1974இல் தொடங்குகிறது. மின்வேதியியல் அறிஞரான அமுல்யா கே. என். ரெட்டி அவ்வாண்டு இந்திய அறிவியல் கழகத்தில் ‘அஸ்த்ரா’ அமைப்பைத் தோற்றுவித்தார். ஊரகப் பகுதிகளுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்கான பிரிவு என்பதன் சுருக்கமே அப்பெயர். தும்கூர் மாவட்டம் குனிகல் வட்டாரத்தின் உங்ராவில் அதன் கள மையம் அமைந்தது. அதனருகே உள்ள பூரா என்னும் சிற்றூரில் 1970களின் பிற்பகுதியில் நடத்தப்பட்ட ஆற்றல் கணக்கெடுப்பு இத்துறையில் முன்னோடியானது. ஊரின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியை விறகே நிறைவேற்றியது. ஊரார் செலவிட்ட உடலுழைப்பு நேரத்தில் பாதிக்கு மேல் பெண்களுடையது. ஆற்றல் என்றால் மின்சாரமும் பெட்ரோலும் என்றிருந்த கொள்கை உலகுக்கு, அடுப்பங்கரையே நாட்டின் பெரிய ஆற்றல் துறை என்று இவ்வாய்வுகள் காட்டின. பெங்களூரு நகரின் விறகு நுகர்வைப் பற்றி ரெட்டியும் பி. சுதாகர ரெட்டியும் 1983இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. எந்த வீட்டில் எந்த எரிபொருள் என்பது அடுக்கடுக்கான சமூகத்தில் வருவாயோடு பிணைந்தது என்பது அதன் மையக் கருத்து.

இப்பின்னணியில் 1980களின் தொடக்கத்தில் பிறந்ததே ‘அஸ்த்ரா ஒலெ’. மூன்று பாத்திரங்களுக்கு இடமுள்ள மண் அடுப்பு, மூடிய எரியறை, விறகின்கீழ்க் காற்று புக இரும்புச் சல்லடை, சாம்பல் குழி, விறகிடும் வாய்க்கு மூடி, கடைசியில் கூரையைத் தாண்டும் புகைபோக்கி. நம் கொடியடுப்பை அறிந்தவர்க்கு இக்கருத்து புதிதன்று. தலையடுப்பின் மிச்ச வெப்பம் பக்கத்து வாய்க்குச் செல்வதே கொடியடுப்பின் தத்துவம். அஸ்த்ரா அதை அளவுக்கு உட்படுத்தியது. எரியறையின் உயரம், சுரங்கத்தின் அகலம், பாத்திர வாயின் விட்டம் யாவும் கணக்கிடப்பட்டன. ஆய்வகத்தில் நீர் கொதிக்கவைக்கும் சோதனையில் அதன் வெப்பத்திறன் 40 விழுக்காட்டை எட்டியது. வழக்கமான மூன்று கல் அடுப்பு இதில் ஒரு சிறு பங்கையே எட்டும் என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

3. அடுப்பு எவ்வாறு மூப்படைகிறது

இத்திறன் முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இடுக்கில்லாமை. புகைபோக்கியின் இழுப்பு என்பது உள்ளே சூடான காற்றின் இலேசும் வெளியே குளிர்ந்த காற்றின் கனமும் உண்டாக்கும் சிறு அழுத்த வேறுபாடு. சுவரில் ஒரு வெடிப்பு விட்டால் அதன்வழிக் குளிர்காற்று உள்ளே நுழையும். புகைபோக்கியின் வெப்பம் குறையும், இழுப்புத் தளரும். எரியறைக்கு வரவேண்டிய காற்று குறையும். விறகு எரியாமல் புகையும். பாத்திரத்துக்கும் வாய்க்கும் இடையில் விரற்கடை இடைவெளி இருந்தால் புகை அதன் வழியே அறைக்குள் வரும். மூன்றாம் பாத்திரத்தை எடுத்தபின் அவ்வாயை மூடாமல் விட்டாலும் இதே கதைதான்.

வெடிப்பு வருவதை மண்ணின் இயல்பே உறுதிசெய்கிறது. களிமண் காயும்போது சுருங்கும், சூட்டில் விரியும், நாள்தோறும் இருமுறை இது நிகழும். கனத்த பானையின் மோதல், பொங்கி வழியும் கஞ்சி, விறகு திணிக்கும்போது ஏற்படும் உராய்வு ஆகியன விளிம்பைத் தின்னும். புகைபோக்கியின் உட்சுவரில் கரி படிந்து துவாரம் சுருங்கும். சாம்பல் குழி நிறைந்தால் சல்லடையின் கீழ்க் காற்று நிற்கும். இவற்றுக்கு மருந்து யாவரும் அறிந்ததே: வெடிப்பைக் கீறி அகலப்படுத்தி, நனைத்து, மண் அப்பி, மேலே மெழுகுவது.

இந்த ‘மெழுகுதல்’ அலங்காரம் என்று நகரத்தார் நினைப்பதுண்டு. அது பொருளறிவியல். சுருக்கத்தைக் குறைக்க மணல். வெடிப்பு ஓடாமல் பிடித்துக்கொள்ள உமியோ நறுக்கிய வைக்கோலோ. நுண்ணிழைக்கும் பிசுபிசுப்புக்கும் சாணம். சலித்தெடுத்தாற்போன்ற நயத்துக்குப் புற்றுமண். எந்த மண்ணுக்கு எவ்வளவு மணல் என்பதைக் கையில் உருட்டிப் பார்த்தே முடிவு செய்வர். உலர்ந்த வெடிப்பில் ஈரமண்ணை அப்படியே அப்பினால் ஒட்டாது என்பதும், பூசியவுடன் பெருந்தீ மூட்டலாகாது என்பதும் பள்ளிக்கூடம் சொல்லித்தந்தவை அல்ல. அதிகாலையில் அடுப்பு மெழுகிக் கோலமிடும் வழக்கைச் சடங்காக மட்டும் வகைப்படுத்திய நாட்டார் வழக்காற்றியல் பதிவுகள், அதே செயல் ஒரு அன்றாடப் பழுதுநோக்கு என்பதைத் தவறவிட்டன. கையால் மெழுகும்போதுதான் மயிரிழை வெடிப்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது.

4. கடல் கடந்த ஒப்பீடு: வினையூக்கி அடுப்பு

ஒப்பீட்டுக்காக ஏறக்குறைய அதே காலத்து வட அமெரிக்காவைப் பார்ப்போம். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அங்கே குளிர்காயும் விறகடுப்புகள் பெருகின. குளிர்காலப் பள்ளத்தாக்குகளில் புகை தேங்கியது. மோட்டார் வாகனத்துக்காக உருவான வினையூக்கி அடுப்புக்குள் வந்தது. தேன்கூடுபோல் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. விறகுப்புகை தானாக எரிய 500 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும்; இதன் துணையால் 260 பாகையை ஒட்டியே அது எரியத் தொடங்கும்.

ஆனால் பழைய வார்ப்பிரும்பு வினையூக்கி அடுப்பை வைத்திருப்பவர் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டால் நமக்கு வியப்பு வராது. தகடுகள் சேரும் இடங்களில் பூசிய உலைச் சிமெண்ட் சூட்டில் உலர்ந்து உதிரும். அவ்விடுக்குகளில் கணக்கில்லாக் காற்று புகுந்து, தீ கட்டுக்கு அடங்காது. தகடுகளைப் பிரித்து, பழைய பூச்சைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, புதிய சிமெண்ட் இட்டுப் பூட்ட வேண்டும். பின் சிறுதீயால் சில முறை மெல்லச் சூடேற்ற வேண்டும். கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிறு தட்டையாகிவிடும். கதவிடுக்கில் ஒரு தாள்துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பர். தாள் தடையின்றி வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். புகையை வினையூக்கியின் வழியே திருப்பும் உட்கதவு சரியாகப் பொருந்தாவிடின், புகை குறுக்குவழியில் தப்பிவிடும். விலையுயர்ந்த பீங்கான் வெறுமனே நிற்கும். நிறம் பூசிய மரமோ நெகிழியோ எரித்தால் பூச்சு நஞ்சேறி மடியும். நுண்துளைகளில் படியும் சாம்பலை மென்தூரிகையால் துடைக்க வேண்டும்.

பூரா ஊரின் மண் அடுப்பும் வெர்மாண்டின் வார்ப்பிரும்பு அடுப்பும் ஒரே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டும் முதல்நாளில் சிறந்தவை. இடுக்கு விட்டால் இரண்டும் வெறும் புகைப்பெட்டிகள். வேறுபாடு, மூப்பை யார் கணக்கில் எடுத்தார் என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1988இல் விறகடுப்புக்கான விதியை வகுத்தது. 1990இல் நடைமுறைக்கு வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் வினையூக்கியில்லா அடுப்பு மணிக்கு 7.5 கிராம் வரை நுண்துகள் விடலாம். வினையூக்கி அடுப்புக்கோ 4.1 கிராமே வரம்பு. நல்ல அடுப்புக்கு ஏன் கடுமையான வரம்பு? வினையூக்கி பயன்பாட்டில் திறன் இழக்கும் என்பது எதிர்பார்க்கப்பட்டதால், அந்த வீழ்ச்சிக்கு முன்கூட்டியே இடம் விட்டார்கள். மூப்பு ஓர் எண்ணாக விதிக்குள் எழுதப்பட்டது. இவ்வேறுபாடு 2015இன் புதிய விதியில் கைவிடப்பட்டது. எனினும் நம் வாதத்துக்கு 1988இன் சிந்தனை முறையே முக்கியம்.

5. எண்ணிக்கையின் அரசியல்

இந்தியாவின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983 டிசம்பரில் தொடங்கி 2002 வரை நடந்தது. ஏறத்தாழ 3.5 கோடி அடுப்புகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு. உலகின் மிகப் பெரிய அடுப்புத் திட்டங்களுள் அதுவும் ஒன்று. இலக்கு எண்ணிக்கையில் இருந்தது. மாநிலத்துக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு. கட்டுநருக்குக் கூலி, கட்டிய அடுப்புக்கு இவ்வளவு என்ற கணக்கில். மண் அடுப்பின் ஆயுளோ ஓரிரு ஆண்டுகள் என்றே மதிப்பிடப்பட்டது. அப்படியானால் 3.5 கோடி என்பது எந்த ஒரு நாளிலும் எரிந்துகொண்டிருந்த அடுப்புகளின் தொகையன்று. இருபதாண்டுக் காலக் கட்டுமானங்களின் கூட்டல். ‘நிறுவப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை முற்று இங்கே முற்றாகவே நின்றுவிடுகிறது. அதன்பின் தொடர வேண்டிய ‘மெழுகினாள்’, ‘துடைத்தாள்’, ‘அடைத்தாள்’ என்னும் செய்வினைகளுக்கு அறிக்கையில் கட்டமே இல்லை.

இதன் விளைவைத் துல்லியமாக அளந்தது ஒடிசாவில் நடந்த ஆய்வு. கிராம் விகாஸ் என்னும் தொண்டு நிறுவனம் வழங்கிய புகைபோக்கி மண் அடுப்புகளை ரேமா ஹன்னா, எஸ்தர் டுப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் சுமார் 2,600 குடும்பங்களிடையே, நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். முதல் ஆண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. நுரையீரல் நலத்திலோ விறகுச் செலவிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாமையும் பராமரிக்காமையும் காரணமாகச் சுட்டப்பட்டன.

இம்முடிவைப் படிக்கும் வழியில்தான் சிக்கல். ‘பயனாளிகள் பராமரிக்கவில்லை’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் குடும்பம். ஆனால் குற்றம் சென்று சேர்வது ஒருத்தியின்மேல். விறகு பொறுக்கி, நீர் சுமந்து, கூலிக்குச் சென்று திரும்பியவளின் நாளில், மாதமொருமுறை கூரையேறிப் புகைபோக்கி துடைக்கும் நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். பழைய அடுப்பின் பராமரிப்பு அவள் கைக்கு எட்டிய மண்ணிலும் சாணத்திலும் முடிந்தது. புதிய அடுப்பின் சுரங்க அளவு கட்டுநரின் அச்சில் இருந்தது. உடைந்த புகைபோக்கிக் குழாய் நகரக் கடையில் இருந்தது. வெளியே பூசுவதற்கு அவளுக்குத் தெரியும். உள்ளே எந்த அளவு கெட்டால் இழுப்புக் கெடும் என்பது அவளிடம் சொல்லப்படவில்லை. திறன் ஆய்வகத்துக்கு உரியதாயிற்று, பழுது அடுக்களைக்கு உரியதாயிற்று. பீனா அகர்வால் 1986இல் எழுதிய விறகு நெருக்கடி பற்றிய நூல் அப்போதே இத்திசையில் எச்சரித்தது: அடுப்புப் பரவலின் தடைகளைப் பெண்களின் அறியாமையில் தேடுவதைவிட, வீட்டிலும் ஊரிலும் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதில் தேட வேண்டும்.

6. விதிவிலக்குகள்

வரலாறு முழுவதும் இருளன்று. சண்டிகர் அருகே நாடா என்னும் ஊரில் 1980ஐ ஒட்டி மது சரீன் வளர்த்தெடுத்த ‘நாடா சூல்ஹா’ ஊர்ப்பெண்களையே கட்டுநராக்கியது. கட்டத் தெரிந்தவளுக்குப் பிரிக்கவும் தெரியும். பிரிக்கத் தெரிந்தவளுக்கு எங்கே அடைத்துள்ளது என்பதும் தெரியும். பெங்களூருவிலிருந்து செயல்படும் ‘டைடு’ நிறுவனமும் அஸ்த்ரா மரபின் அறிவைப் பெண் கட்டுநர்களிடம் கொண்டு சென்றது. இவற்றில் பராமரிப்பு இலவச உழைப்பாக அன்றி, ஊதியமும் மதிப்பும் உள்ள கைத்தொழிலாகக் கருதப்பட்டது. அளவில் இவை சிறியவை. ஆனால் மூன்றாம் வினாவுக்கு விடை தேடியவை இவையே.

7. இன்று எதற்கு இது?

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் ஏழை வீடுகளுக்குச் சென்றன. இதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. புகையிலிருந்து விடுதலைக்கு அதுவே நேர்வழி. ஆனால் ‘இணைப்பு’ என்னும் எண்ணும் ‘நிறுவப்பட்டது’ என்பதன் தம்பிதான். அடுத்த சிலிண்டர் வாங்கப்பட்டதா என்பது மண் அடுப்பின் வெடிப்பு பூசப்பட்டதா என்பதற்கு இணையான வினா. சிலிண்டர் வாங்க இயலாத மாதத்தில் பழைய அடுப்பே எரிகிறது. கவனிப்பாரற்ற அடுப்பாகையால் முன்னிலும் அதிகமாகப் புகைகிறது. பெங்களூருவிலும் சமையல் எரிவாயுவுக்கு மாறிய பின்னும் குளிப்பதற்கான வெந்நீருக்கு விறகையும் மரத்துண்டுகளையும் எரிக்கும் வீடுகள் உண்டு. ஒக்கலிபுரத்துச் சந்துகளில் விடியற்காலையில் நடப்பவர் அந்த மணத்தை அறிவர்.

ஆய்வு மாணவர்க்கு இதிலிருந்து மூன்று பணிகள் எழுகின்றன. ஒன்று, அடுப்புத் திட்டங்களின் ஆவணங்களை அவற்றின் வினைச்சொற்களை நோக்கி மறுவாசிப்புச் செய்வது. யார் செய்தார் என்பது எங்கே மறைக்கப்படுகிறது என்று காண்பது. இரண்டு, நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில் ‘வீட்டுவேலை’ என்னும் தலைப்புக்குள் கரைந்துபோன மெழுகுதலையும் அடைத்தலையும் தனித்தெடுப்பது. மூன்று, சொற்களைத் திரட்டுவது. அடுப்பின் உறுப்புகளுக்கும், மண்வகைகளுக்கும், வெடிப்பின் வகைகளுக்கும், பூசும் முறைகளுக்கும் வட்டாரந்தோறும் தனிச்சொற்கள் இருந்தன. குமிழ், கொடி, ஊதாங்குழல் போன்ற சிலவே அகராதிக்குள் வந்துள்ளன. எஞ்சியவை எழுபது வயதைக் கடந்த பெண்களின் நாவில் உள்ளன. எரிவாயு அடுப்புக்கு அச்சொற்கள் தேவையில்லையாதலால் அவை பேத்திகளிடம் வந்து சேரவில்லை.

இச்சொற்றிரட்டை நான் தமிழ், கன்னடம் இரண்டிலும் தொடங்கியுள்ளேன். அடுப்பின் வாய் வெடித்தால் அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், அதை அடைக்கும் மண்கலவைக்கு என்ன பெயர் என்பதை வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு எனக்குத் தெரிவித்தால் நன்றியுடையேன். சொல்லைக் கேட்கும்போதே, எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசினார்கள், யார் கற்றுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.